பட்டாசு ஊர்ல பட்டைக்கல்லு

எம். புதுப்பட்டியில உட்கார்ந்து கல்லுக்குப் பட்டை தீட்டுறேன்னா சிரிக்கிறாங்க. பட்டாசு ஊர்ல பட்டைக்கல்லா! இது பொழுதுபோக்குதான்.

தேய்ச்ச கல்லு திரும்பி வளராது. அதனால தேய்க்கும் முன்னாடியே கணக்குப் பார்க்க, பைத்தான்ல சின்னதா ஒரு புரோகிராம் எழுதினேன். ஜெம்கேட் மாதிரி பெரிய மென்பொருள் இருக்கு. எனக்கு வேண்டியது ஒரே பதில். அடிப்பட்டை எத்தனை டிகிரி?

பிளஸ் டூல படிச்ச மாறுநிலைக் கோணம்தாங்க. குவார்ட்ஸோட ஒளிவிலகல் எண் 1.54. ஒன்றை அதால வகுத்து, நேர்மாறு சைன் போட்டா சுமார் 40.5 டிகிரி. பட்டை அதைவிடப் படுக்கையா இருந்தா, உள்ளே வந்த வெளிச்சம் அடிவழியா ஒழுகிடும். கல்லு நடுவுல ஜன்னல் திறந்த மாதிரி வெறிச்சோடித் தெரியும். 42, 43ன்னு வச்சா வெளிச்சம் மேலேயே திரும்பி வரும்.

திருச்சியில செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுறவங்களுக்கு இது கைப்பழக்கம். எனக்கு அந்தக் கை இன்னும் வரல.

அடுத்து செயற்கை மாணிக்கம். எண் 1.76, கோணம் 34.6. புரோகிராம்ல ஒரு வரி மாத்தினா போதும்.