மேட்டு மண்ணும் மழைக் கணக்கும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இன்று அவ்வழக்கத்தினின்றும் சற்று விலகி, நாம் நாள்தோறும் கண்ணால் காணும் ஒன்றைப் பற்றிப் பேச விழைகின்றோம். மாரிக்குப்பத்தில் காலை வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் சாளரத்தின் வழியே காண்பது யாது? சயனைடு மேடுகளை அன்றோ! நம் பாட்டனாரும் தந்தையாரும் 10,000 அடிக்கும் கீழே இறங்கிப் பெயர்த்தெடுத்த பாறை, ஆலையில் பொடியாகி, பொன் பிரிக்கப்பட்ட பின் எஞ்சிய மண் அது. பொன் போயிற்று, மண் நம்மிடம் தங்கிற்று.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் கைக்கு வந்த இச்சுரங்கம், 1956-இல் மைசூர் அரசிடமும் 1962-இல் நடுவணரசிடமும் சென்று, 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனமாக நடந்து, 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. சுரங்கம் ஓய்ந்தது, மேடுகள் ஓயவில்லை. காற்றடித்தால் பறக்கின்றன, மழை பெய்தால் கரைந்து ஓடைகளில் இறங்குகின்றன. 2024 ஜூன் திங்களில், ஏறத்தாழ 1,003 ஏக்கரில் பரந்துள்ள 13 மேடுகளை மீண்டும் அகழ்ந்து பொன்னெடுக்கக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. வேலை வரும் என்னும் நம்பிக்கை நம் இல்லங்களில் துளிர்த்திருப்பது இயல்பே. நாமும் அதனை வரவேற்கின்றோம். ஆயினும், மேடுகள் பெயர்க்கப்படும்போது தூசி கூடுமா, குறையுமா? கிணற்று நீர் மாறுமா? இதற்கு நாளை விடை கூற வேண்டுமானால், பெயர்ப்பதற்கு முன்னிருந்த நிலை ஏட்டில் இருத்தல் வேண்டும். முன் கணக்கு எழுதாதவன் பின் கணக்குக் கேட்க இயலாது.

அக்கணக்கை எழுதி வைக்கத்தக்க கருவி ஒன்று இன்று உண்டு. அதனைப் புவியியல் தகவல் முறை என்பர். பெயர் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. 1854-இல் இலண்டனில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், இறந்தோர் வாழ்ந்த வீடுகளைத் தெருப்படத்தில் குறித்தார். குறிகள் பிராடு தெருவின் நீர்க்குழாய் ஒன்றைச் சுற்றியே குவிந்திருந்தன. பட்டியலாகக் கிடந்தபோது பேசாத கணக்கு, படத்தில் ஏறியதும் பேசிற்று. 1960-களில் கனடாவில் ராஜர் டாம்லின்சன் என்பார் அந்நாட்டின் நிலக் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றி, படத்தின்மேல் படம் அடுக்கிப் பார்க்கும் வழியை வகுத்தார். இன்று அவ்வேலையைச் செய்யும் கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கின்றது.

இது நமக்கு எவ்வாறு பயன்படும்? லைன் வீடுகளில் எந்த மாதம் தூசி மிகுதி என்று கேட்டுப் பாருங்கள். “ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும், தூசி பறக்காதா?” என்பார் ஒரு பாட்டி. “இல்லை, தையும் மாசியுமே கொடுமை” என்பார் மற்றொருவர். இருவரும் மெய்யே உரைக்கக் கூடும். ஆடியில் மேல்காற்று, மேட்டுக்குக் கிழக்கேயுள்ள வீட்டிற்குத் தூசி வரும். தை, மாசியில் கீழ்க்காற்று. மேற்கேயுள்ள வீட்டிற்கு வரும். மழை பெய்து மண் நனைந்திருந்தால் வலிய காற்றிலும் எழாத தூசி, காய்ந்த நாளில் சிறு காற்றிலும் எழும். ஆக, மேடு எங்கே, வீடு எங்கே, காற்று எத்திசை, மழை எவ்வளவு என்னும் நான்கு படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தாலன்றி உண்மை விளங்காது.

இனி, அம்முறையை அமைக்கும் வகையைச் சொல்லுவோம். இதில் கணிப்பொறி அறிவினும் கணக்கேட்டு ஒழுங்கே முதன்மை. இரயில்வே எழுத்தர்களாகிய எங்களுக்கு இது பழகிய செய்தி.

முதலாவது, இடப்பட்டியல் வேறு, அளவுப்பட்டியல் வேறு. ஒவ்வொரு கிணற்றிற்கும் கூரைக்கும் மாறாத குறியீடு ஒன்று தர வேண்டும். பங்காருபேட்டைக்கு முன்னாளில் பௌரிங்பேட்டை என்று பெயர். ஊர்ப்பெயர் மாறியும், அப்பழம் பெயரின் எழுத்துக்களே இன்றளவும் நிலையக் குறியீடாக நிற்கின்றன. அதனால் பழைய ஏடும் புதிய ஏடும் தொடர்பறாமல் இருக்கின்றன. வீட்டுக்காரர் மாறலாம், கிணற்றின் பெயர் மாறலாம், குறியீடு மாறலாகாது.

இரண்டாவது, எந்த அளவும் தனித்து நிற்கலாகாது. எவ்விடம், எந்நாள் எந்நேரம், எக்கருவி, எந்த அலகு, அளந்தவர் யார் என்னும் ஐந்தும் உடன் இருக்க வேண்டும். பழைய மழைக் கணக்கு அங்குலத்தில் இருக்கும். இன்றைய கணக்கு மில்லிமீட்டரில் இருக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அலகு எழுதாத எண் முகவரி எழுதாத பார்சலுக்கு ஒப்பாகும். இந்திய வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் 8.30 மணிக்கு முடியும். நாமும் அந்நேரத்தையே கொண்டால்தான் நம் கணக்கைப் பிறர் கணக்கோடு ஒப்பிடலாம்.

மூன்றாவது, சுழியும் வெற்றிடமும் ஒன்றல்ல. மழை பெய்யாத நாளில் 0 என்று எழுதுக. அளக்க மறந்த நாளில் இடத்தை வெறிதே விட்டுக் காரணம் குறிக்க. மறந்த நாளைச் சுழியாக்கினால், பெய்த மழையைப் பெய்யவில்லை என்று பொய்ச்சான்று கூறியவர் ஆவோம்.

நான்காவது, தவறு நேர்ந்தால் அழித்தெழுதலாகாது. பழைய எண் தெரியும்படி நிற்க, திருத்தத்தை நாளிட்டுக் கையொப்பத்துடன் கீழே எழுதுவதே அலுவலக முறை. கணிப்பொறியிலும் அவ்வாறே அமைக்கலாம். என்றேனும் இக்கணக்கை ஓர் அதிகாரி முன் வைக்க நேர்ந்தால், அழிப்பில்லாத ஏடே மதிக்கப்படும்.

ஐந்தாவது, பழைய படங்களைப் புதிய படத்தில் ஏற்றுங்கால் விழிப்பு வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் பழைய படங்கள் எவரெஸ்ட் வகுத்த புவியுருவைக் கொண்டு வரையப்பட்டவை. நம் கைப்பேசி இடங்காட்டும் முறை வேறொன்றைக் கொண்டது. மாற்றிக் கொள்ளாமல் ஒட்டினால், ஓர் இடம் நூறு மீட்டருக்கு மேலும் விலகி நிற்கும். ஒரு லைனில் உள்ள கிணறு அடுத்த லைனுக்குப் போய்விடும்.

இவற்றைக் கொண்டு நாம் தொடங்கக் கூடிய வேலை சிறியதே. மேடுகளைச் சூழ எல்லாத் திசையிலுமாகப் பன்னிரண்டு வீட்டுக் கூரைகளில், சிறிது தூய நீர் ஊற்றிய வாயகன்ற ஆழமான சாடிகளை வைப்போம். முப்பது நாட்களில் விழுந்த தூசியை வடிகட்டி, உலர்த்தி, பள்ளித் தராசில் நிறுப்போம். சங்கக் கட்டடத்தின் மேல் ஒரு மழைமானியும் காற்றுத் திசைகாட்டியும் நிறுத்துவோம். கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் ஊராட்சிதோறும் தானியங்கி மழைமானிகளை நிறுவி, கால் மணிக்கொருமுறை கணக்கைப் பெறுகின்றது. சுற்றுப்புற ஊராட்சிகளின் அக்கணக்கோடு நம் கணக்கை ஒப்பிட்டுப் பிழை திருத்திக் கொள்ளலாம்.

இதன் எல்லையையும் அறிந்து கொள்வோம். தூசியின் எடையைச் சாடி சொல்லும், நஞ்சைச் சொல்லாது. சயனைடு வெயிலில் பெரும்பாலும் சிதைந்து போகும். பாறையோடு வந்த ஆர்செனிக் சிதையாது. நுரையீரலைக் கெடுக்கும் படிகக்கல் தூளும் அழியாது. அவற்றை ஆய்வுக்கூடமே அளக்க வல்லது. ஆனால் எந்த லைனில், எந்த மாதத்தில் மண்ணும் நீரும் எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்பதை நம் படம் காட்டும். நோயாளியின் வீட்டைப் படத்தில் குறித்து ஊருக்குக் காட்டுதல் ஆகாது. லைன் அளவில் தொகுத்தே வெளியிட வேண்டும்.

பெரியோர்களே! எந்த மேடு எப்போது எழுந்தது, எந்த ஓடை எவ்வழி ஓடிற்று என்பது உங்கள் நினைவில் உள்ளது. இளைஞர்கள் கைப்பேசியோடு உங்களிடம் வருவார்கள். அவர்களோடு நடந்து சென்று இடத்தைக் காட்டுங்கள். ஆழத்தில் உழைத்தவர்களின் நினைவு ஏட்டில் ஏறாமல் அவர்களோடு மறைந்து போகலாகாது. மேடுகள் பெயர்க்கப்பட்ட பிறகு அவை நின்ற இடத்தைக் காட்டவும் ஆளிராது.

பொன்னின் கணக்கை எடை பிசகாமல் எழுதிய ஊர் இது. நம் குழந்தைகள் உட்கொள்ளும் காற்றின் கணக்கையும் அவ்வண்ணமே எழுதுவோம். முதற் சாடியை வரும் ஞாயிறன்று சங்கக் கூரையிலேயே வைப்போமாக!

வாழ்க தமிழ்! வளர்க தங்கவயல்!