மயக்க ஊசியும் பயமும்



ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். உடனே வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? செலவு எவ்வளவு, ஆஸ்பத்திரியில் கூட யார் இருப்பது என்று பேசுவார்கள். படுக்கையில் இருப்பவர் மனசில் மட்டும் வேறு ஒன்று ஓடும். "மயக்கம் கொடுத்தால் திரும்பக் கண் விழிப்பேனா?" இதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சொன்னால் வீட்டார் பயந்துவிடுவார்களே என்று மனசுக்குள் வைத்துக்கொள்வார்.

இந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் நல்ல காரணம் இருந்தது. அந்தக் கதையில் ஒரு பெரிய பகுதி நடந்த ஊர் ஐதராபாத்.

முன்பெல்லாம் கையையோ காலையோ அறுக்க வேண்டும் என்றால் நாலு பேர் நோயாளியை அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். 1846-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஈதர் என்ற மருந்தை முகரவைத்து, வலி தெரியாமல் ஆபரேஷன் செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தில் சிம்ப்சன் என்ற டாக்டர் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். ஒரு துணியில் சில சொட்டு விட்டு மூக்கருகே பிடித்தால் போதும். ஆள் தூங்கிவிடுவார்.

ஆனால் 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் 15 வயதுப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். பெரிய ஆபரேஷன் ஒன்றும் இல்லை. கால் விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். சில நிமிஷங்களில் உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகும் இப்படிச் சாவுகள் நடந்தன. இதயம் நின்று சாகிறார்களா, மூச்சு நின்று சாகிறார்களா? டாக்டர்களுக்குள் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சண்டை.

அப்போது ஐதராபாத்தில் எட்வர்டு லாரி என்ற வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். மருத்துவப் பள்ளி மாணவர்களுக்கு அவர் சொன்ன பாடம் சின்னது. நாடியைப் பார்க்காதே, மூச்சைப் பார். மூச்சு சீராக இருந்தால் ஆபத்து இல்லை என்பது அவர் கட்சி. லண்டன் டாக்டர்கள் பலர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆறாவது நிஜாம் மகபூப் அலி கான் பணம் கொடுத்தார். 1888-ல் ஒரு கமிஷன் உட்கார்ந்தது. அது போதாது என்றார்கள். 1889-ல் இரண்டாவது கமிஷன். இதற்காக நிஜாம் 1000 பவுன் கொடுத்து, லண்டனிலிருந்து லாடர் பிரன்டன் என்ற பெயர் பெற்ற டாக்டரை வரவழைத்தார். நூற்றுக்கணக்கான விலங்குகளுக்குக் குளோரோஃபார்ம் கொடுத்துப் பார்த்தார்கள். பாவம், அந்த வாயில்லா ஜீவன்கள்! மூச்சுதான் முதலில் நிற்கிறது என்று கமிஷன் முடிவு சொன்னது. லாரி ஜெயித்தார்.

ஆனால் அது முழு உண்மை இல்லை. 1911-ல் லெவி என்ற டாக்டர் இன்னொரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். பயந்தால் நம் உடம்பில் அட்ரினலின் என்ற சுரப்பு ஊறும். நெஞ்சு படபடப்பது அதனால்தான். குளோரோஃபார்ம் அரைகுறையாக ஏறியிருக்கும்போது அட்ரினலின் சேர்ந்தால், இதயம் துடிப்பை விட்டு வெறுமனே நடுங்கி நின்றுவிடக்கூடும். ஆக, மூச்சும் பார்க்க வேண்டும், இதயமும் பார்க்க வேண்டும். பயமும் அந்த மருந்தோடு சேர்ந்து ஆளைக் கொன்றிருக்கலாம் என்பதுதான் இதில் யோசிக்க வைக்கும் சங்கதி. நல்லவேளை, இன்று ஆபரேஷனுக்குக் குளோரோஃபார்ம் கொடுப்பதில்லை.

அதே ஐதராபாத் பள்ளியில் படித்துத் தேறியவர் ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்ற பார்சிப் பெண். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அபூர்வமாக இருந்த நாளில், அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் மயக்கம் கொடுக்கும் வேலையைச் செய்தார். மேற்கொண்டு படிக்க 1909-ல் எடின்பரோவுக்கும் போனார். உலகத்தின் முதல் பெண் மயக்க டாக்டர்களில் ஒருவர் என்று இவரைச் சொல்கிறார்கள்.

இனி இன்றைய சங்கதிக்கு வருவோம். பிரசவ ஆபரேஷன், குடல் இறக்கம், கால் எலும்பு ஆபரேஷன் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போடுகிறார்கள். "முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலி" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், உண்மைதான். ஆனால் ஆயுசு முழுக்க நீடிக்கும் வலிக்கு இந்த ஊசி காரணம் என்று ஆராய்ச்சியில் நிரூபணம் ஆகவில்லை. முதுகெலும்புக்குள் ஓடும் தண்டு இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே, நீர் நிறைந்த இடத்தில் இறங்குகிறது. மருந்து உள்ளே போனதும் ஊசியை எடுத்துவிடுவார்கள்.

ஊசி போடும்போது நோயாளியை உட்காரவைத்தோ ஒருக்களித்துப் படுக்கவைத்தோ முதுகை வளைக்கச் சொல்வார்கள். தாய் வயிற்றில் குழந்தை சுருண்டிருக்குமே, அப்படி. முட்டி வயிற்றோடு, தாடை நெஞ்சோடு. நிறைமாதக் கர்ப்பிணிக்கு இது லேசுப்பட்ட வேலை அல்ல. ஆனால் முதுகு வளைந்தால்தான் எலும்புகளுக்கு நடுவே வழி திறக்கும். முதலில் மரத்துப்போகச் செய்யும் சின்ன ஊசி. அது சுருக்கென்று எரியும். பிறகு யாரோ விரலால் அழுத்துவது போல இருக்கும். அப்போது திடீரென்று துள்ளக்கூடாது. வலித்தால் அசையாமல் வாயால் சொல்லலாம், டாக்டர் நிறுத்துவார். மூச்சை அடக்காமல் மெதுவாக இழுத்து மெதுவாக விட்டால் உடம்பு தளரும். பக்கத்தில் நிற்கும் நர்ஸின் கையைப் பிடித்துக்கொள்ளலாம். அதில் வெட்கம் எதற்கு?

சிறிது நேரத்தில் கால் சூடாகும், பிறகு கல் போலக் கனக்கும். விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். அது நாடித் துடிப்பையும், ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்பதையும் காட்டும். அதனால்தான் நகப்பூச்சை அழித்துவிட்டு வரச் சொல்கிறார்கள்.

வெறும் வயிறு விஷயத்தில்தான் வீட்டார் தவறுகிறார்கள். பசியில் வாடுகிறவரைப் பார்த்து மனசு கேட்காமல், "ஒரு வாய் டீதானே, யாருக்குத் தெரியப்போகிறது?" என்று ஒளித்துக் கொடுத்துவிடுகிறார்கள். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பொதுவாக 6 மணி நேரம் சாப்பாடு கூடாது. பால் கலந்த டீயும் சாப்பாட்டுக் கணக்குதான். வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பு வரை குடிக்க விடுவது வழக்கம். ஆனாலும் அந்த ஆஸ்பத்திரியில் சொல்லும் நேரம்தான் கணக்கு. தெரியாமல் ஏதாவது சாப்பிட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். டாக்டர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிப்போடுவார், அவ்வளவுதான். ஆடும் பல், கட்டுப்பல், சாப்பிடும் மாத்திரைகள், முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது, இவற்றையும் சொல்ல வேண்டும்.

ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிலருக்குத் தலைவலி வரும். உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். 1898-ல் ஜெர்மனியில் பியர் என்ற டாக்டர் இந்த ஊசியைத் தம் முதுகிலேயே போடச் செய்தார். அவருக்கும் இதே தலைவலி வந்து பல நாள் படுத்திருந்தார். இது பெரும்பாலும் தானே சரியாகும். விடாமல் வலித்தாலோ காய்ச்சல் வந்தாலோ, கால் உணர்ச்சி திரும்பாவிட்டாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்ததும் கால் இருக்கிறதா என்றே தெரியாது. சில மணி நேரத்தில் மெல்ல விரல்கள் அசையும். அதுவரை யாரும் அவரை எழுப்பி நடக்கவிடக்கூடாது. முதல் வாய் தண்ணீரை எப்போது கொடுக்கலாம் என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, டம்ளரோடு பக்கத்தில் காத்திருக்கலாம்.