கப்பலேறுவதற்கு முன் அவர் யார்?

(பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்கள் குடும்பத்தில் முதன்முதலாக இந்த நாட்டுக்கு வந்தவர் என்ன தொழில் செய்தார் என்று கேட்டால், "தோட்டத்துல கூலி வேலைதான் சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். கப்பலேறுவதற்கு முன்னும் அவர் இருபது முப்பது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறாரே! அந்தக் காலத்தில் அவர் யார்? நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் உழவர்கள். ஏர் பிடித்தவர்கள், ஏற்றம் இறைத்தவர்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த உழவரைத் தேடிக் காண்பது எப்படி என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

தேடலை வீட்டிலேயே தொடங்குங்கள். வயதானவர்கள் ஆங்கில வருஷம் சொல்ல மாட்டார்கள். "தாது வருஷப் பஞ்சத்துல ஊரை விட்டாங்களாம்" என்பார்கள். அலட்சியம் செய்யாதீர்கள், அதுவே ஒரு தேதி. தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். தாது வருஷம் 1816, 1876, 1936 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிறந்தது. தலைமுறைக் கணக்குப் போட்டால் எது என்று புலப்பட்டுவிடும். பஞ்சம் என்று சேர்த்துச் சொன்னால் 1876தான். அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. 1878 வரை சென்னை மாகாணத்தில் பஞ்சம் தலைவிரித்தாடி, லட்சக்கணக்கானோர் மாண்டனர்.

அடுத்து, பெயர்களைக் கவனியுங்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்தால், அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறலாம். ஊர் பெயர் மறந்துபோயிருந்தால் குலதெய்வத்தைக் கேளுங்கள். ஊரை மறந்தவர்கள்கூட குலசாமியை மறப்பதில்லை. கோவில் எங்கே இருக்கிறதோ, அதன் சுற்றுவட்டாரத்தில்தான் நம் ஊரைத் தேட வேண்டும்.

ஊர் தெரிந்த பிறகுதான் ஏடுகள். தாமஸ் மன்றோ ஆளுநராக இருந்த 1820களில் சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி முறை பரவியது. நிலத்துக்கு உரியவர் நேரே அரசாங்கத்துக்கு வரி கட்ட வேண்டும். அதனால் கிராமந்தோறும் கர்ணம் கணக்கு எழுதினார். நிலம் யார் பெயரில் என்பதைப் பட்டாவும், என்ன பயிர் என்பதை அடங்கலும் காட்டும். இவற்றில் பசலி ஆண்டு போட்டிருக்கும். அதோடு 590ஐக் கூட்டுங்கள். பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. பழைய நிலவரிப் பதிவேடுகளை வட்ட ஆட்சியர் அலுவலகத்திலும், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் விசாரிக்கலாம்.

இங்கே ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். பட்டா நிலம் உடையவருக்குத்தான். உழுதவர்கள் எல்லாருக்கும் நிலம் இருந்ததா? வாரத்துக்கு உழுதவர், பண்ணையாள், படியாள் என்று எத்தனையோ பேர். 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்கு இருந்த சட்டப் பாதுகாப்பை நீக்கியது. ஆனால் கடன் என்ற கயிறு அவர்களைக் கட்டியே வைத்திருந்தது. இவர்கள் பெயர் பட்டாவில் வராது. எங்கள் குடும்பத்திலும் பட்டா கிடையாது. பூட்டனாரின் தகப்பனார் முசிறிப் பக்கம் படியாளாக உழுதவர் என்று பாட்டி சொல்வார்கள். "நிலம் அவருது இல்லப்பா, ஆனா எந்த வயலுக்கு எப்போ தண்ணி விடணும்னு அவரைக் கேட்டுத்தான் செய்வாங்க." இதைவிட என்ன பத்திரம் வேண்டும்? பட்டா இல்லையே என்று வெட்கப்பட்டு, எங்களுக்கு நூறு ஏக்கர் இருந்தது என்று கதை கட்டாதீர்கள். கட்டுக்கதை வளர வளர உண்மையான மனிதர் மறைந்துபோவார்.

இனி இந்தக் கரைக்கு வருவோம். முன்னோர் என்றாலே பால்மரம் வெட்ட வந்தவர் என்று எண்ணுகிறோம். ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்ததே 1877இல்தான். இங்கே தோட்டங்கள் பெருகியது 1900க்குப் பிறகு. அதற்கு முன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களில் பலர் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். வேறு சிலர் காப்பித் தோட்டங்களுக்கு. ஒப்பந்தத்தில் வந்தவர்களும் உண்டு, கங்காணியோடு வந்தவர்களும் உண்டு. ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது. வந்தவருடைய காகிதம் கிடைக்காவிட்டால் பிள்ளைகளுடையதைப் பாருங்கள். பிறப்புப் பத்திரம், குடியுரிமைப் பத்திரம், தோட்டத்துச் செக்ரோல், கோவில் நன்கொடைக் கல்வெட்டு, கல்யாண மொய் நோட்டு எதையும் குப்பையில் போடாதீர்கள்.

பெற்றோர்களே! தோட்டங்கள் பல கைமாறின, லயங்கள் இடிபட்டன. ஒரே பெரட்டில் நின்ற குடும்பங்கள் இன்று ஆளுக்கொரு தாமானில் இருக்கின்றன. விவரம் தெரிந்த பெரியவர்களோ ஒவ்வொருவராகக் கண்மூடுகிறார்கள். ஏடு நாளைக்கும் காப்பகத்தில் இருக்கும், பாட்டி இருப்பார்களா?

ஆகவே மாணவச் செல்வங்களே, இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் எது, குலசாமி எது, என்ன பயிர் வைத்தார்கள், ஏன் புறப்பட்டார்கள் என்ற நான்கு கேள்விகளைப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். எழுதத் தெரியாத காரணத்தால் தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதிவைக்காமல் போன உழவரைப் பற்றி, எழுதத் தெரிந்த அவர் வீட்டுப் பிள்ளை எழுதட்டும்.