கணக்கில் எழுதப்பட்டவர்கள்

(தாராசுரத்தில் நடந்த பட்டமளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இதுபோன்ற மேடையில் சாதித்தவர்களின் கதையைச் சொல்வது வழக்கம். அவற்றை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் வரலாறு படித்தவன். ஆகவே வேறொரு சாராரைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன். போர் வந்தபோது, பஞ்சம் வந்தபோது, அதிகாரம் கழுத்தை நெரித்தபோது இந்த மண்ணில் வாழ்ந்த சாதாரண மனிதர்கள் அவர்கள். வரலாற்றுப் புத்தகத்தில் அவர்களுக்கு எவ்வளவு இடம் கிடைத்தது, எந்த வழியாகக் கிடைத்தது என்பதுதான் என் பேச்சு.

இதற்கு வெகுதூரம் போக வேண்டாம். நம் ஐராவதேசுவரர் கோயிலிலிருந்தே தொடங்கலாம். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எடுத்த கோயில். 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் சுவரில் நாயன்மார் வரலாறு சிறுசிறு சிற்பங்களாக வரிசையாக இருக்கிறது, பெயர் பொறிப்போடு. குயவர் திருநீலகண்டர், நாகைக் கடற்கரையின் மீனவர் அதிபத்தர், துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர், இந்த ஊருக்கு நெருக்கமான தொழில் செய்த நெசவாளர் நேசர் எல்லாரும் அந்த மரபில் வருகிறவர்கள். உழைக்கிற சனம் அரசன் கட்டிய சுவரில் ஏறியது பெரிய காரியம்தான். ஆனால் குயவர் குயவராகவே இருந்திருந்தால் ஏறியிருக்க மாட்டார். அடியாராக ஆன பிறகே இடம் கிடைத்தது. மற்றக் குயவர்கள் எங்கே?

இதே ஊரில் கிடைத்த இன்னொரு சிலையைச் சொல்கிறேன். அது ஒரு துவாரபாலகர். சோழர் கைவேலை அன்று, சாளுக்கியர் பாணி. சோழ அரசன் முதலாம் இராசாதிராசன் சாளுக்கியரின் தலைநகரான கல்யாணபுரத்தை வென்று அங்கிருந்து கொண்டுவந்தது என்று அதன் பீடத்திலேயே தமிழில் வெட்டியிருக்கிறது. இப்போது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கிறது. வென்றவர் பெயர், வென்ற ஊர், எடுத்து வந்த பொருள் எல்லாம் அந்தப் பொறிப்பில் உண்டு. அந்த ஊரில் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் இல்லை.

அப்படிப்பட்ட மக்களின் கதை வேறு பக்கத்தில் இருக்கிறது. கருநாடகத்தில் தார்வாடு வட்டாரத்து ஹொட்டூரில் 1007ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. இராசாதிராசனுக்கு முந்தைய தலைமுறை நடத்திய படையெடுப்பைப் பற்றியது. சோழர் படை ஒன்பது லட்சம் பேரோடு வந்து நாட்டைச் சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது என்று அது சொல்கிறது. ஒன்பது லட்சம் என்பது எதிரியின் மிகைதான். அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய படைக்குச் சோறு போட முடியாது. அதற்காக மற்றதையும் தள்ளிவிட முடியுமா? நம் பெருமையை நம் கல் சொல்கிறது. அந்தப் பெருமைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை அடுத்தவர் வீட்டுக் கல் சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவனே வரலாறு படிக்கிறவன்.

சரி, வென்ற நாட்டின் சொந்தக் குடிமக்களாவது நன்றாக இருந்தார்களா? இங்கிருந்து சற்றுத் தூரத்தில் திருபுவனம். மூன்றாம் குலோத்துங்கன் எடுத்த கம்பகரேசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. மதுரையையும் பாண்டியன் முடித்தலையையும் கொண்டவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அரசன். பாடப்புத்தகம் அவனைச் சோழர்களின் கடைசிப் பேரரசன் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். பேரளத்துக்கு அருகே திருப்பாம்புரம் கோயிலில், அவன் ஆட்சியில், 1201ஆம் ஆண்டில் வெட்டிய கல்வெட்டு வேறொன்றைச் சொல்கிறது. காலம் கெட்டுப்போனது, நெல் காசுக்கு மூன்று நாழி விற்றது, பிழைக்க வழியில்லை. ஆகவே வேளாளர் ஒருவர் தம்மையும் தம் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார்.

வணிகவியல் மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஒரு கணக்குப் போடுங்கள். கல்வெட்டு சொல்லும் விலையில் 110 காசுக்கு 330 நாழி நெல் வரும். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். அதாவது ஒரு கலத்துக்கு 96 நாழி. ஆக மூன்றரைக் கலம்கூட முழுதாகத் தேறாது. ஒரு தகப்பன், இரண்டு பெண்பிள்ளைகள், அவர்கள் வாழ்நாள் உழைப்பு எல்லாம் சேர்த்து மூன்றரைக் கலத்துக்குக் குறைவு. அதுவும் நெல் விளைகிற சோழநாட்டின் நடுவில்.

அந்தக் கல்லை வெட்டச் சொன்னவர்களுக்கு அந்தக் குடும்பத்தின் மேல் இரக்கம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கோயிலின் உரிமை பின்னால் கேள்விக்கு உள்ளாகக் கூடாது என்பதற்காக எழுதிய பத்திரம் அது. ஆனால் எழுதியவர் நெல் விலையைச் சேர்த்து எழுதினார். அந்த ஒரு விவரத்தால்தான் 800 ஆண்டு கழித்து நாம் அந்த வீட்டுக்குள் போக முடிகிறது. விலை இல்லாவிட்டால் அது இன்னொரு அடிமை ஓலை, அவ்வளவுதான்.

சாதாரண மனிதர்கள் தாங்களே பேசிய கல்லும் உண்டு. 1429இல், விசயநகர ஆட்சியில், வரிச்சுமை தாங்காமல் காவிரி நாட்டு மக்கள் திரண்டார்கள். வலங்கையும் இடங்கையும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்ற சாதிப் பிரிவுகள். அவை இரண்டும் அன்று ஒரே பக்கம் சேர்ந்தன. கொறுக்கையில் அவர்கள் வெட்டிவைத்த கல்வெட்டின் சாரம் இது: விளைச்சலைப் பார்க்காமல் வரி போட்டார்கள், ஊரைவிட்டு ஓடிவிடலாம் என்று இருந்தோம், நாம் ஒன்றுபடாததால்தான் நமக்கு இந்த அநியாயம் நடந்தது என்று உணர்ந்தோம், இனி நியாயமானதை மட்டுமே கொடுப்போம். ஜப்பானிய அறிஞர் நொபுரு கராஷிமாவும் நம் எ. சுப்பராயலுவும் இத்தகைய கல்வெட்டுகளை ஊர் ஊராக எடுத்து அடுக்கிப் பார்த்திருக்காவிட்டால், இவை தனித்தனிக் கோயில் செய்திகளாகவே கிடந்திருக்கும்.

இனி நம் பாட்டன் காலத்துக்கு வருவோம். இந்த டெல்டாவில், நிலக்கிழாரிடம் கொத்தடிமைபோல் உழைக்கும் பண்ணையாள் முறை இருந்தது. எதிர்த்துப் பேசிய பண்ணையாளுக்குச் சாட்டையடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பதும் தண்டனை. எந்த மிராசுதாரும் இதைத் தன் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை. பிறகு எப்படித் தெரியும்? விவசாயத் தொழிலாளர் சங்கம் வேர்பிடித்த பிறகு, பி. சீனிவாசராவ் போன்ற சங்கத் தலைவர்கள் சேரி சேரியாக நடந்த பிறகு, 1944இல் மன்னார்குடியில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. சாட்டையடியும் சாணிப்பாலும் கூடாது என்று அதில் ஒத்துக்கொண்டார்கள். கூடாது என்று ஒரு தாளில் எழுத வேண்டி வந்தது என்றால், அதுவரை நடந்தது என்று பொருள். ஒரு சட்டத்தையோ சுற்றறிக்கையையோ கையில் எடுக்கும்போது அது எதைத் தடுக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் யாரோ அடி வாங்கியிருப்பார்கள்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் கீழக்கோடி. இன்று நாகை மாவட்டம். விவசாயத் தொழிலாளர்கள் அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும் காரணம். நிலக்கிழார் தரப்பு ஆட்களின் அடிக்குப் பயந்து ராமையாவின் குடிசைக்குள் ஒடுங்கியவர்கள், அவர்கள் வைத்த தீயில் கருகினார்கள். நினைவிடம் சொல்லும் எண்ணிக்கை 44. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்.

நான் இங்கே பேச விரும்புவது அதன் பிறகு எழுதப்பட்ட தாள்களைப் பற்றி. 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் நிலக்கிழார் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் வேறு சிலருக்கும் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெரும் நிலக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள்; அவர்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்பது தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. கற்றறிந்த நீதிபதிகள் எழுதிய அரசாங்க ஆவணம் அது. நூறு ஆண்டு கழித்து அந்தத் தாள் மட்டும் மிஞ்சியிருந்தால், வெண்மணியில் தீ தானாகப் பிடித்துக்கொண்டது என்றே ஒரு மாணவன் ஆய்வேடு எழுதக்கூடும்.

அப்படி நடக்காமல் தடுத்தவர்களில் ஒருவர் மைதிலி சிவராமன். வெண்மணிக்கே போய், உயிர் தப்பியவர்களிடம் கேட்டு, எழுதினார். தீர்ப்பு வந்தபோது அதை வரிவரியாகப் பிரித்துப் பார்த்து எழுதினார். நாவலாசிரியர்களும் வந்தார்கள். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. சோலை சுந்தரபெருமாள் ‘செந்நெல்’ எழுதினார். அந்த நாவல்களில் யார் எதைச் சரியாகப் பார்த்தார் என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. ஓயாமல் இருப்பது நல்லது. கேட்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆவணம் எழுதினவரின் எண்ணத்துக்கு எதிராகவே வேலை செய்வதும் உண்டு. 1860 முதல் 1911 வரை சுமார் ஒன்றரை லட்சம் பேர் இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு என்று பேரேட்டில் பதிந்தார்கள். கூலியை அடையாளம் வைத்துக் கட்டுக்குள் வைக்க எழுதியது. இன்று டர்பனிலிருந்து ஒரு கொள்ளுப்பேத்தி தன் பூர்வீகக் கிராமத்தைத் தேடி வருகிறாள் என்றால், அதே பேரேட்டின் அதே வரியைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறாள். அந்தக் குமாஸ்தா ஊர்ப் பெயரைச் சோம்பலில் விட்டிருந்தால் அவளுக்கு ஊரே இல்லை.

கடைசியாக ஈழத்திலிருந்து ஒன்று. 1980களின் இறுதியில் யாழ்ப்பாணத்தில் சாதாரண மக்கள் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் நடுவே அகப்பட்டிருந்த நேரம். இலங்கை அரசு, இந்திய அமைதிப்படை, விடுதலை இயக்கங்கள் என்று யாரையும் விடாமல், மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை நான்கு பேர் எழுதினார்கள். அந்தப் புத்தகம் ‘முறிந்த பனை’. ராஜினி திராணகம உடற்கூற்றியல் பேராசிரியர். தயா சோமசுந்தரம் மனநல மருத்துவர். ராஜன் ஹூலும் கே. ஸ்ரீதரனும் கணித ஆசிரியர்கள். நால்வரில் ஒருவர்கூட வரலாற்றுத் துறைக்காரர் இல்லை. 1989 செப்டம்பர் 21 அன்று ராஜினி சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. புத்தகம் அதற்குப் பிறகு வெளிவந்தது, இன்றும் படிக்கப்படுகிறது.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். சாதாரண மக்களின் வரலாறு பெரும்பாலும் வரலாற்றாசிரியர் கையில் பிறப்பதில்லை. கோயில் கணக்கர், கப்பல் குமாஸ்தா, மருத்துவர், கணக்கு வாத்தியார் இவர்கள் எழுதிவைத்ததை எடுத்துத்தான் வரலாற்றாசிரியன் பிறகு வேலை செய்கிறான். இனி அந்த நாற்காலிகளில் உட்காரப்போவது நீங்கள்.

உங்களில் ஒருவர் கிராம நிர்வாக அலுவலர் ஆவீர்கள். புயலுக்குப் பிறகு பயிர்ச் சேதம் எழுதப் போவீர்கள். பட்டாதாரர் பெயர் படிவத்தில் இருக்கும். குத்தகைக்கு உழுதவர் பெயருக்குக் கட்டம் இருக்காது. ஓரத்திலாவது எழுதுங்கள். ஒருவர் செவிலியர் ஆவீர்கள். அடிபட்டு வந்த பெண் மாடிப்படியில் விழுந்தேன் என்பாள். அவள் சொன்னதை எழுதுங்கள். காயம் எங்கே, எத்தனை, என்ன நிறம் என்பதையும் எழுதுங்கள். காவல் நிலையத்தில் எழுத்தராகப் போகிறவர், புகார் கொடுக்க வந்தவர் சொன்ன சொற்களையே எழுதுங்கள். உங்கள் இலாகா நடையில் மாற்றி எழுதாதீர்கள். வங்கிக்குப் போகிறவர், செய்தித்தாளுக்குப் போகிறவர், பள்ளிக்குப் போகிறவர் எல்லாருக்கும் இப்படி ஒரு தாள் காத்திருக்கிறது. அதில் விவரத்தை விட்டுவிடச் சொல்லி மேலிருந்து ஒரு குரல் வரும். பெரும்பாலும் மிரட்டலாக வராது. இதெல்லாம் எதுக்குப்பா என்று சிரித்த முகத்தோடுதான் வரும்.

வேலை கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டிலேயே தறியில் உட்கார்ந்த தாத்தா இருப்பார், நடவுக்குப் போன ஆத்தா இருப்பார். 1960களில் என்ன கூலி, படியில் அளந்தார்களா மரக்காலில் அளந்தார்களா, எந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாது என்று கேளுங்கள். கையில் இருக்கிற கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தேதி போடுங்கள், யார் சொன்னது என்று போடுங்கள். அவர்கள் ஒன்றைத் தவறாகச் சொல்கிறார்கள் என்று தோன்றினாலும் திருத்தாதீர்கள். உங்கள் சந்தேகத்தைத் தனியாக எழுதிவையுங்கள்.

இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் உங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கும் முதல் ஆள். உங்களுக்கு முன்னால் பல தலைமுறைகளைப் பற்றி மற்றவர்கள் எழுதினார்கள், தங்களுக்கு வேண்டியபடி எழுதினார்கள். இன்று முதல் பேனா உங்கள் கையிலும் இருக்கிறது. திருப்பாம்புரத்துக் கணக்கர் நெல் விலையை எழுதிய அளவுக்காவது நாமும் கறாராக எழுதுவோம். மூன்று நாழி என்றால் மூன்று நாழி.