தான் நிற்கும் இடம் அறியாத ரோபோ



மொழி வளர்ச்சிக்கான இச்சொற்பொழிவு வரிசையில் ரோபோவைப் பற்றிப் பேச அழைப்பு வந்தபோது நாங்கள் சற்றுத் தயங்கினோம். நாங்கள் மொழியறிஞர்கள் அல்லர். சனிக்கிழமைக் காலைகளில் பள்ளி ரோபோ மன்றத்தை நடத்தும் ஆசிரியர்கள். ஆயினும், எங்கள் மன்றத்தில் எழுந்த ஒரு குழப்பத்தில் பாதி பணத்தால் வந்தது, மறுபாதி சொல்லால் வந்தது. அதனால் இந்த மேடைக்கு அது பொருந்தும் என்று துணிந்து வந்திருக்கிறோம்.

பணத்திலிருந்து தொடங்குவோம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஓர் ஆண்டு மன்றத்திற்கு 600 ரிங்கிட் வழங்கியது. அதில் பெரும்பகுதியைச் செலவிட்டு நாங்கள் ஒரேயொரு லைடார் கருவியை வாங்கினோம். லைடார் என்பது லேசர் ஒளியைச் சுற்றிலும் வீசி, சுவர்கள் எத்தனை தொலைவில் உள்ளன என்று அளக்கும் உணரி. போட்டிக்குச் செல்லும் ரோபோவிற்கு அது கண்ணாக இருக்கும் என்று நம்பினோம். அவ்வாண்டு முழுவதும் அதைத் தொட்டுப் பழகியவர்கள் இரண்டே மாணவர்கள். மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். பள்ளிக் கண்காட்சி நாளன்று அந்த ரோபோ மண்டபத்தின் கண்ணாடிக் கதவை நோக்கி நேராகச் சென்று மோதி நின்றது. லேசர் ஒளி கண்ணாடியை ஊடுருவி அப்பாலிருந்த நடைபாதையைக் கண்டது. அங்கே வழி இருப்பதாக ரோபோ முடிவு செய்துகொண்டது. முதலாம் படிவ மாணவி ஒருத்தி எங்களைப் பார்த்து, “ஐயா, இவ்வளவு விலை கொடுத்தும் அதற்குக் கண்ணாடி தெரியாதா?” என்று கேட்டாள். அன்று எங்களிடம் நல்ல விடை இல்லை.

மின்தடை ஏற்பட்ட இரவில் நம் வீட்டுக்குள் நாம் நடப்பதை எண்ணிப் பாருங்கள். படுக்கையிலிருந்து கதவு ஆறு எட்டு என்று மனத்திற்குள் ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கை மட்டும் நம்பி அடுப்படி வரை எவரும் போவதில்லை. கை சுவரைத் தேடுகிறது. சுவர் தட்டுப்பட்டதும் கணக்கைத் திருத்திக்கொள்கிறோம். பொழுதுபோக்கு ரோபோவின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு செயல்களுக்குள் அடங்கிவிடும்: எட்டுகளை எண்ணுதல், சுவரைத் தொட்டுத் திருத்துதல்.

எண்ணுவது மலிவு. சக்கரத்தோடு சுழலும் துளைத்தட்டும் அதைப் படிக்கும் ஒளியுணரியும் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கின்றன. மாணவர்கள் வாங்கும் மஞ்சள் நிற மோட்டார்த் தொகுப்பில் சக்கரத்தின் விட்டம் 65 மில்லிமீட்டர்; தட்டில் 20 துளைகள். ஆக, ஒரு துளைக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இடச்சக்கரம் வலச்சக்கரத்தைவிட 1 விழுக்காடு, அதாவது 0.65 மில்லிமீட்டர் பெரியதாக இருந்துவிட்டால் என்ன ஆகும்? இரு சக்கரங்களுக்கும் இடையே 13 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ரோபோ 5 மீட்டர் ஓடி முடிப்பதற்குள் அதன் முகம் 22 பாகை திரும்பிவிடும். செல்ல வேண்டிய கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் விலகிவிடும். எண்ணிக்கையோ இருபுறமும் சமமாகவே இருக்கும். நேராக வந்ததாகவே ரோபோ நம்பிக்கொண்டிருக்கும்.

இது புதிய துன்பமன்று. முற்காலத்து ஐரோப்பிய மாலுமிகள் முடிச்சிட்ட கயிற்றைக் கடலில் விட்டுக் கப்பலின் வேகத்தை அளந்து, திசைகாட்டியையும் மணற்கடிகாரத்தையும் துணைகொண்டு தாம் இருக்கும் இடத்தைக் கணித்தார்கள். நாள் செல்லச்செல்லக் கணிப்பு விலகும். கரை தெரிந்ததும் வரைபடத்தில் திருத்துவார்கள்.

சக்கரம் வழுக்கினால் வழுக்கட்டும், முடுக்கமானி இருக்கிறதே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கைப்பேசியில் இருப்பது போன்ற சில்லு பத்து, பதினைந்து ரிங்கிட்டுக்குள் கிடைக்கிறதுதான். முடுக்கத்திலிருந்து தொலைவை அறிய இருமுறை தொகையிட வேண்டும். புவியீர்ப்பு முடுக்கத்தின் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கே அந்தச் சில்லு பிறழ்ந்தாலும், அசையாமல் நிற்கும் ரோபோ பத்து வினாடியில் 5 மீட்டர் நகர்ந்துவிட்டதாகக் கணக்குக் காட்டும். ஒரு நிமிடத்தில் 176 மீட்டர். பள்ளித் திடலைத் தாண்டிச் சாலைக்கே போய்விட்டது என்று பொருள். காந்தத் திசைகாட்டியை மோட்டாரின் காந்தமும் தரைக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளும் குழப்புகின்றன. ஜிபிஎஸ் கட்டடத்திற்குள் உதவாது; திறந்தவெளியிலும் சாதாரணக் கருவி சில மீட்டர் பிசகும். வகுப்பறையின் அகலமே சில மீட்டர்தான். சென்டிமீட்டர் அளவுக்கு இடம் காட்டும் ஜிபிஎஸ் கருவிகளும் இப்போது உண்டு. அவற்றின் விலை அதிகம்.

இனிச் சுவரைத் தொடும் உணரிகள். மீயொலி உணரியின் விலை பத்து ரிங்கிட்டுக்குள். 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, அதன் எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு 2 சென்டிமீட்டர் முதல் 4 மீட்டர் வரை அளக்கும். அந்த மாணவியின் குழு இதைக்கொண்டு சுவரை அளந்தது. உண்மைத் தொலைவு 3 மீட்டர். உணரி பத்து முறையும் 293 சென்டிமீட்டர் என்றது. குறிப்பேட்டில் ஒருத்தி, “உணரி துல்லியமாக இருக்கிறது” என்று எழுதினாள். அவள் தோழி, “துல்லியமாக இல்லை” என்று எழுதினாள். இருவரும் எங்களிடம் தீர்ப்புக் கேட்டு வந்தார்கள்.

நாங்கள் தொடக்கத்தில் சொன்ன சொற்குழப்பம் இதுதான். ஒருத்தி கருதியது, பத்து முறையும் ஒன்றையே சொல்வதை. மற்றவள் கருதியது, சொன்னது உண்மையோடு ஒத்திருப்பதை. இரண்டிற்கும் துல்லியம் என்ற ஒரே சொல்லையே நாம் பயன்படுத்திவருகிறோம். அன்று முதல் எங்கள் மன்றத்தில் முன்னதை ஒருசீர்மை என்றும் பின்னதை மெய்யொப்பு என்றும் வழங்குகிறோம். இவற்றினும் சிறந்த சொற்கள் இந்த அவையில் இருக்கக்கூடும். தந்தால் மகிழ்ந்து ஏற்போம். சொல் பிரிந்ததும் சிந்தனையும் பிரிந்தது. ஒருசீராகத் தவறும் உணரிக்கு ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும் என்று மாணவிகள் தேடத் தொடங்கினார்கள். உணரிக்கான நிரல், ஒலியின் வேகத்தை வினாடிக்கு 343 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. அது 20 பாகை செல்சியசில் உள்ள வேகம். எங்கள் மண்டபத்தில் அன்று 33 பாகை. வெப்பம் ஒரு பாகை கூடினால் ஒலியின் வேகம் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். கணக்கைப் போட்டுப் பார்த்தபோது அந்த 7 சென்டிமீட்டரும் அப்படியே வந்து நின்றது. ஒரு வெப்பமானியும் நிரலில் ஒரு வரியும் போதுமானவையாயின.

பிழைகளுக்கும் பெயரிட்டோம். எப்போதும் ஒரே பக்கம் சாய்வது சாய்பிழை, அளந்து திருத்தலாம். முன்னும் பின்னும் சிதறுவது சிதறுபிழை. பலமுறை அளந்து சராசரி காணலாம். ஓட ஓடச் சேர்வது திரள்பிழை. சக்கரம் வழுக்குவதால் வருவது அத்தகையது. அதற்கு வெளியுலகில் ஓர் அடையாளம் வேண்டும்: தரையில் ஒட்டிய கறுப்பு நாடா, ஒரு சுவர், ஒரு மூலை.

இந்த அறிவு மலிவான கருவிகளை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு மைக்ரோமவுஸ் போட்டி நல்ல சான்று. 1977இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட இப்போட்டியின் வழக்கமான களம், 18 சென்டிமீட்டர் கட்டங்கள் பதினாறுக்குப் பதினாறாக அமைந்த புதிர்வழி. அதில் பாயும் சிறு ரோபோக்களில் லைடார் இருப்பதில்லை. சில அகச்சிவப்பு உணரிகள், சக்கர எண்ணி, திரும்பும் வேகத்தை அறியும் சுழற்சிமானி, அவ்வளவே. கடக்கும் ஒவ்வொரு சுவரையும் அவை தம் கணக்கைத் திருத்தப் பயன்படுத்துகின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2002இல் விற்பனைக்கு வந்த ரூம்பா என்னும் துப்புரவு ரோபோ தான் நிற்கும் இடத்தை அறியாமலே, முட்டித் திரும்பி முட்டித் திரும்பி வீட்டைப் பெருக்கியது. சில வேலைகளுக்கு இடம் அறிய வேண்டிய தேவையே இல்லை. உணரி வாங்குமுன் கேட்கத்தக்க கேள்வி அது, நாங்கள் கேட்கவில்லை.

லைடாரை இகழ்வது எங்கள் நோக்கமன்று. 2005இல் அமெரிக்கப் பாலைவனப் போட்டியில் வென்ற ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஓட்டுநரில்லாக் காரின் கூரையில் ஐந்து லேசர் அளவிகள் இருந்தன. அக்காலத்தில் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான டாலர் விலையுடையது. இன்று வகுப்பறைக்கேற்ற எளிய லைடார் ஏறத்தாழ 100 டாலருக்கு வந்துவிட்டது. 2010இல் லேசர் பொருத்திய துப்புரவு ரோபோ வீடுகளுக்குள் நுழைந்ததும், ஆர்வலர்கள் அதைப் பிரித்து லேசரை மட்டும் எடுத்துத் தம் ரோபோவில் பூட்டினார்கள். விலை இன்னும் இறங்கலாம். ஆனால் கண்ணாடியைக் காணாத குறை விலையோடு இறங்குவதன்று; அது ஒளியின் இயல்பு. அதே கண்ணாடியில் மீயொலி முட்டித் திரும்பும்.

மறு ஆண்டின் பணத்தில் பன்னிரண்டு குழுக்களுக்கும் மீயொலி உணரியும் சக்கர எண்ணியும் வாங்கினோம். போட்டிக்கு இது போதுமா என்று சில பெற்றோர் கேட்டனர். அவ்வாண்டு பரிசு எதுவும் வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். குறிப்பேட்டில் மூன்று வகைப் பிழைகளையும் தம் ரோபோவில் அளந்து காட்டிய குழு, லைடாரை எடுத்துப் பழகலாம் என்று விதி வைத்தோம். முதலில் வந்தது அந்த மாணவியின் குழு. அவர்கள் ரோபோவை இயக்குமுன் கண்ணாடிக் கதவின் அடியில், லேசரின் உயரத்திற்கு, ஒரு வெள்ளைத் தாளை நீளமாக வெட்டி ஒட்டினார்கள். ரோபோ கதவருகே வந்து, நின்று, திரும்பியது.