காலேஜ் படிப்பும் பூட்டிய புத்தகமும்

(பசுவந்தனைக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



"திறந்த கல்வி" என்பதைப் பற்றிப் பேசும்படி நமக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். பேர் பெரிதாயிருந்தாலும் விஷயம் எளியதுதான். ஒருவர் எழுதிய பாடத்தை மற்றவர்கள் காசில்லாமல் படிக்கவும், படியெடுக்கவும், தமிழாக்கவும், பிழையிருந்தால் திருத்தி மறுபடி ஊருக்குக் கொடுக்கவும் எழுதியவரே அனுமதி கொடுத்துவிடுவதுதான் அது. 2019-ல் யுனெஸ்கோ சபை, எல்லாச் சர்க்கார்களும் இதை ஆதரிக்க வேண்டுமென்று சிபார்சு செய்திருக்கிறது.

கரிசல் காட்டுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வானம் பார்த்த பூமியில் பருத்தியும் உளுந்தும் விளைந்தால் விளைந்தது. இல்லாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ் கூலிதான். அந்தக் கூலியில்தான் பிள்ளையைக் கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ காலேஜுக்கு அனுப்புகிறோம். வீட்டிலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசற்படி மிதித்த பிள்ளை அது. அங்கே புத்தகமோ இங்கிலீஷில். விலையோ பல நாள் கூலி. பிள்ளை என்ன செய்யும்? பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரு கைடை வாங்கி அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்யும். அர்த்தம் தெரியாமல் ஒப்பிப்பதற்கு நம் நாட்டில் வெகுகாலமாகவே ஒரு பேர் உண்டு. மந்திரம் என்பது அதன் பேர்!

அக்காலத்தில் ஜாதியைச் சொல்லிப் படிப்பைப் பூட்டினார்கள். இன்று காலேஜ் கதவு திறந்திருக்கிறது, புத்தகம் பூட்டியிருக்கிறது. விலை ஒரு பூட்டு. பாஷை ஒரு பூட்டு. "கேள்வி கேட்காதே, அப்படியே எழுது" என்பது மூன்றாவது பூட்டு.

இவை உடைக்க முடியாத பூட்டுகளா? இதே கரிசல் சீமையிலுள்ள எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் 1921-ல் இறந்தார். பிற்பாடு அவர் எழுத்துக்களின் உரிமை தனிப்பட்டவர்கள் கையில் இருந்தது. 1949-ல் சென்னை சர்க்கார் அதை வாங்கிற்று. பின்னர் பொதுஜனங்களுக்கே விட்டுவிட்டது. யாருக்கு நஷ்டம்? ஒரு கவியின் பாட்டுக்குச் செய்ததைக் காலேஜின் ரசாயனப் பாடத்துக்கும் கணக்குப் பாடத்துக்கும் ஏன் செய்யக்கூடாது?

விலைப் பூட்டைப் பற்றி டெல்லியில் ஒரு வழக்கே நடந்தது. ஆசிரியர்கள் குறித்துக் கொடுத்த பகுதிகளைப் பல புத்தகங்களிலிருந்து படியெடுத்து, ஒரே கட்டாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது, டெல்லி யூனிவர்சிட்டியில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய பதிப்பகத்தார் 2012-ல் கடையின் மீதும் யூனிவர்சிட்டியின் மீதும் வழக்குப் போட்டார்கள். 2016-ல் டெல்லி ஹைகோர்ட், பாடம் நடத்துவதற்காகப் படியெடுக்க 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டமே இடம் கொடுக்கிறதென்று சொல்லிற்று. ஆனால் போதனைக்கு வேண்டிய அளவுதான் என்றும் வரம்பு வைத்தது. மறுவருஷம் பதிப்பகத்தார் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். இந்தச் சட்டம் டெல்லிக்கு மாத்திரமல்ல, கோவில்பட்டிக்கும் உண்டு.

நிற்க, காசில்லாமல் கிடைப்பதும் கொஞ்சமல்ல. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிற்று. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைச் செல்போனிலேயே கேட்கலாம்.

ஆனால் இலவசத்தோடு விஷயம் முடியவில்லை. இன்று பிள்ளை எழுதும் அசைன்மெண்ட், மார்க்குப் போட்டதும் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. அதற்குப் பதிலாக, தீக்குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் பெட்டிப் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரசும் ஏன் இருக்கின்றன, உரசினால் ஏன் பற்றுகிறது என்பதைப் பிள்ளை தமிழில் எழுதட்டும். ஆசிரியர் சரிபார்த்து வெளியிடட்டும். அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் அதைத் திருத்தி வளர்க்கட்டும். அம்மா கையால் செய்யும் வேலையின் விஞ்ஞானத்தைப் பிள்ளை அம்மாவுக்கே படித்துக் காட்டலாம். மனப்பாடத்தில் இது நடக்குமா?

யாரும் திருத்தலாமென்றால் பொய் புகாதா என்பார்கள். புகும், அதனால்தான் ஆசிரியர் வேண்டும். ஆனால் திறந்த புத்தகத்தில் புகுந்த பொய்யைக் கண்டவன் வெளியே தள்ளலாம். திருத்தவே கூடாதென்ற சாஸ்திரத்தில் புகுந்த பொய்யோ ஆயிரக்கணக்கான வருஷம் நம் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

எழுதினவன் வயிற்றுக்கு என்ன வழி என்பதும் நியாயமான கேள்விதான். புத்தகத்தை நம்பிப் பிழைப்பவருக்குப் பொதுப் பணத்திலிருந்து கூலி கொடுக்கட்டும். ஆனால் ஜனங்களின் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கி எழுதிய பாடத்தை அதே ஜனங்களுக்கு மறுபடி விலைக்கு விற்பது என்ன நியாயம்?

ஆகையால் தோழர்களே, பிள்ளையின் காலேஜுக்குப் போனால் மார்க்கை மாத்திரம் விசாரித்துவிட்டுத் திரும்பாதீர்கள். "காசில்லாத பாடம் எது வைத்திருக்கிறீர்கள்? தமிழில் என்ன எழுத வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக அல்ல. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் கேளுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.