தோட்டம் பிள்ளை கையில், பட்டா தாத்தா பேரில்!

(கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



விலையைப் பற்றிப் பேசாமல் நாம் கூட்டம் போட்டதே இல்லை. இன்றைக்கு விலையைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். அப்பன் கையிலிருந்து பிள்ளை கைக்குத் தோட்டம் எப்படிப் போகிறது, போகாமல் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று பேசுவோம்.

நம்ம பன்னீர் திராட்சையை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்ததாகச் சொல்கிறார்கள். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. பழத்தின் பேர் பத்திரமாக இருக்கு. கொடி நிற்கிற நிலம் யார் பேரில் இருக்கு? சிட்டாவை எடுத்துப் பாருங்க. தாத்தா பேர் இருக்கும். தாத்தா செத்து இருபது வருஷம் ஆகியிருக்கும். கரண்டு சர்வீஸ் பெரியப்பா பேரில். கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு என்பது வெறும் வாய்ப்பேச்சு. பாகம் பிரித்ததற்கு ஆதாரம் என்று பெட்டியில் இருப்பது பதிவு செய்யாத ஒரு கூர்ச்சீட்டு.

விடியுமுன்னே மருந்தடிக்கிறவன் மகன். கவாத்து வெட்டுகிறவன் மகன். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால், "உன் பேரில் பட்டா இருக்கா?" என்கிறார்கள். சொட்டுநீர் மானியத்துக்கும் அதே கேள்வி. பி.எம்.கிசான் பணத்துக்கு 2019 பிப்ரவரி 1-ம் தேதி நிலம் யார் பேரில் இருந்தது என்று பார்த்தார்கள். அதற்குப் பிறகு வாரிசுரிமையில் வந்தால் மட்டும் விலக்கு. அப்பா உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு எழுதிக் கொடுத்தால் கிடையாது. இது எந்த ஊர் நியாயம்? பொறுப்பை உரிய காலத்தில் ஒப்படைக்கிற தகப்பனுக்குத் தண்டனையா?

நெல் வயல் என்றால் நடுவிலே ஒரு வரப்புப் போட்டுப் பிரித்துவிடலாம். திராட்சை அப்படியில்லை. கல்தூண் ஊன்றி, ஓரத்தில் இழுத்துக் கட்டி, மொத்தக் கம்பியும் ஒரே இழுப்பில் நிற்கிறது பந்தல். நடுவில் வெட்டினால் இரண்டு பக்கமும் தொய்யும். புதுசாக ஓரக்கல் ஊன்றணும், கம்பி இழுக்கணும், அந்த வரிசைக் கொடி வீணாகும். இன்னொன்றும் இருக்கு. கவாத்து வெட்டி நாலு மாதத்தில் காய் வெட்டுக்கு வரும். அண்ணன் ஒரு மாதம், தம்பி ஒரு மாதம் என்று கவாத்து வெட்டினால், ஒருத்தன் தோட்டம் இளந்தளிராக நிற்கும்போது பக்கத்துத் தோட்டத்து அடிச்சாம்பல் நோய் இங்கே தாவும். அப்புறம் மருந்துக்கடைக்காரன்தான் வாழ்வான். சண்டை போட்டுப் பிரித்த பந்தலில் பத்து வருஷம் ஓடியதை நாங்கள் எண்ணி எண்ணித்தான் பார்த்திருக்கிறோம்.

இது நமக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை. ஒயினுக்குப் பேர்போன பிரான்சு நாட்டில், பர்கண்டி என்கிற பகுதியில் குளோ த வூஜோ என்று ஒரு திராட்சைத் தோட்டம். சுமார் 50 ஹெக்டேர், நம்ம கணக்கில் 125 ஏக்கர். 1889 வரை ஒரே கையில் இருந்தது. விற்றும், வாரிசுகள் பிரித்தும் இப்போது சுமார் 80 பேருக்குச் சொந்தம். அந்த நாட்டில் 1804-லேயே பிள்ளைகளுக்குச் சம பங்கு என்று சட்டம் வைத்தார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் தோட்டம் துண்டு துண்டானது. அதனால் 1970 கடைசியில் இன்னொரு சட்டம் கொண்டு வந்தார்கள். நிலத்தை வெட்டாமல் குடும்பம் சேர்ந்து ஒரு அமைப்பாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொருத்தருக்கும் அதில் பங்குச் சீட்டு. விவசாயம் பார்க்கிறவர் குத்தகைக்கு எடுத்துப் பார்க்கலாம். பட்டணத்தில் இருக்கிற தங்கச்சிக்கும் பங்கு உண்டு, பந்தலும் தொய்யாது. நம்ம சர்க்கார் ஏன் இப்படி யோசிக்கக் கூடாது?

தங்கச்சி என்றதும் சில பேர் தலையைக் குனிகிறீர்கள். பேசித்தான் ஆகணும். பூர்வீகச் சொத்தில் பெண் பிள்ளைக்குப் பங்கு உண்டு என்று நம் மாநிலம் 1989-லேயே சட்டம் போட்டது. அதில் கல்யாணமானவர்களை விட்டுவிட்டார்கள். 2005-ல் நாடு முழுக்கக் கல்யாணமானவர், ஆகாதவர் எல்லோருக்கும் வந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. திருவிழாவுக்கு வந்த பிள்ளைக்குச் சேலை எடுத்துக் கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி அனுப்புகிற வேலைக்குச் சங்கம் துணை நிற்காது. களை எடுத்து, காய் வெட்டி வளர்ந்த பிள்ளை அது. பங்கைப் பேசிக் கொடுங்கள். தவணையில் கொடுத்தாலும் எழுதிக் கொடுங்கள்.

பெரியவங்களுக்கும் ஒரு வார்த்தை. "எழுதிக் கொடுத்துட்டா நாளைக்குச் சோறு போடுவானா?" என்ற பயம் நியாயமானது. அதற்குப் பத்திரத்திலேயே வழி இருக்கு. ஆயுள் வரை அனுபவ உரிமையை வைத்துக்கொண்டு எழுதலாம். உயிலும் எழுதலாம். ஒன்றுமே எழுதாமல் போனால் பிள்ளைகள் கோர்ட்டில்தான் சந்திப்பார்கள்.

சரி, எழுதுவோம் என்று போனால் செலவு கழுத்தைப் பிடிக்கிறது. 2023 ஜூலையில் குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை உச்சவரம்பை 25,000-லிருந்து 40,000 ஆக்கினார்கள். பதிவுக் கட்டண உச்சவரம்பு 4,000-லிருந்து 10,000 ஆனது. இரண்டுமே நூற்றுக்கு ஒன்று என்பதால், பத்து லட்ச ரூபாய் பங்குக்கு முன்பு 14,000 கட்டியவர் 20,000 கட்ட வேண்டி வந்தது. அப்புறம் உட்பிரிவு மனு, சர்வேயர் வருகிற நாளுக்குக் காத்திருப்பு. "மேலே" கொடுப்பது தனிக்கணக்கு. அதற்கு ரசீது கிடையாது!

எல்லாம் எழுதி முடித்தாலும் பிள்ளை தோட்டத்தில் நிற்பானா? பன்னீர் பழம் நாலு நாள் தாங்காது. வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற அப்பனைப் பார்த்து வளர்ந்த பையன் திருப்பூருக்குத்தான் பஸ் ஏறுவான். ஒயினுக்கும் பழச்சாறுக்கும் ஏற்ற பழம் இது. மகாராஷ்டிரா 2001-லேயே திராட்சைக்கென்று தனிக் கொள்கை போட்டு ஒயின் ஆலைகளுக்கு வரிச் சலுகை கொடுத்தது. ஆலை நமக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விவசாயிக்குப் பங்குள்ள கூட்டுறவு ஆலையாக வேண்டும் என்கிறோம்.

ஆகவே கேட்கிறோம். குடும்பப் பத்திரத்துக்குச் சிறு குறு விவசாயியிடம் கட்டணம் வாங்காதே! ஊர் ஊராக முகாம் போட்டு வாரிசுப் பட்டா, உட்பிரிவு கொடு! கிணற்றுப் பங்கையும் கரண்டு சர்வீஸையும் சேர்த்தே பேர் மாற்று! பந்தலை வெட்டாமல் குடும்பம் சேர்ந்து வைத்துக்கொள்ளச் சட்டம் கொண்டு வா! விவசாயி பங்கோடு பழச்சாறு, ஒயின் ஆலை அமை!

இந்தக் கோரிக்கைகளோடு தாலுகா அலுவலகம் முன் உட்காரப் போகிறோம். வீட்டுக்கு ஒருவர் இல்லை, இரண்டு பேர் வாருங்கள், அப்பாவும் பிள்ளையும். பெண் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். பழைய பட்டா, கூர்ச்சீட்டு, கடைசியாகக் கட்டிய தீர்வை ரசீது, இறப்புச் சான்று எல்லாவற்றிலும் ஒரு நகல் எடுத்து வாங்க. மனு எழுத ஆள் அங்கேயே இருப்பார்கள்.